அழாத தொட்டில்கள்

"எண்ணுறதுக்கு ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே பிலிப்பு தன் த்ரீவீலரைப் பிள்ளைக்காம்பராவின் வாசலில் நிறுத்தினான்.

தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நமுனுகுல மலையின் அடியில், சின்னக்கல் தோட்டத்து மேல் டிவிசனில், ஒரே ஒரு நீளமான அறை. அதைப் பார்த்துக்கொள்கிறவள் பிலிப்புவின் மனைவி அகஸ்டினா. தோட்டமே அவளை ஆயம்மா என்றுதான் கூப்பிடும். அப்போது ஒரு பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எத எண்ணுறதுக்கு?"

"புள்ளைங்களத்தான். பதுளையில இருந்து ஒரு மிஸ் போன் பண்ணுனாங்க. ஒங்க காம்பராவுல எத்தன தொட்டில் ஆடுதுன்னு வந்து பாக்கணுமாம். வியாழக்கெழமை வர்றாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வாங்கன்னு சொன்னேன். வேற என்னா சொல்றது?"

"மூடிக் கெடக்குன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"மூடிக் கெடக்குன்னு சொன்னா மூடிருவாங்களே, அகஸ்டினா."

போன வாரம்தான் காலைப் பெரட்டில், ஆள்களை மலைக்குப் பிரித்து அனுப்பும்போது, தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்னத் தொரை எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: மேல் டிவிசனில் பிள்ளைகள் குறைந்துவிட்டன. இனி அந்தப் பிள்ளைகளையும் கீழ் டிவிசன் காம்பராவுக்கே தூக்கிக்கொண்டு போங்கள். மாதம் முடிய மேலே பூட்டிவிடலாம். கீழே ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறாள். அகஸ்டினா வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அந்தக் கீழ் டிவிசன் ஆள் வேறு யாருமில்லை, ஜெசீகா. அகஸ்டினாவின் அண்ணன் மகள். இந்த அறையின் உத்தரத்தில்தான் அவளும் தொட்டிலாடி வளர்ந்தாள்.

சாயங்காலம் ஜெசீகா மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அத்தை, மாமா சொன்னாரு. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. வியாழக்கெழமை எங்க புள்ளைங்க எல்லாத்தையும் இங்க கொண்டாந்துர்றேன்."

"அடியே, அது திருட்டுத்தனம்டி."

"திருடலையே அத்தை. எரவல்தானே?"

"புள்ளைய யாராச்சும் எரவல் குடுப்பாங்களா?"

"சீனி குடுக்குறாங்க, அரிசி குடுக்குறாங்க. ஒரு நாளைக்குப் புள்ள குடுக்க மாட்டாங்களா? எல்லா அம்மாகிட்டயும் கேட்டுட்டேன். ஒங்க பேரச் சொன்னதும் சரின்னுட்டாங்க. பாதிப் பேரு நீங்க வளத்தவங்கதானே?"

தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக மலையிலிருந்து வந்திருந்த ஜெசிந்தினி கதவில் சாய்ந்து சிரித்தாள். "ஆயம்மா, கீழ சிங்கள கிராமத்துத் தனுஜா அக்காகிட்டயும் ஒண்ணு கேக்கவா? நாட்டுப் பக்கத்துப் புள்ளையும் இருந்தா நல்லா இருக்கும்."

"போதும்டி. புள்ளைங்களுக்கு லொறி புடிக்க வேண்டி வரும்."

ஆனாலும் அகஸ்டினா வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. அறையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஜெசீகாவும் இரண்டு தாய்மாரும் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலுமாகச் சுமந்துகொண்டு மேலே வந்து சேர்ந்தார்கள். தொட்டில் கட்டச் சேலை?

"ஐயோ, அத்தை! புள்ளைங்கள மட்டும்தான் தூக்கிட்டு வந்தேன். சேலை கீழயே தொங்குது."

"பரவாயில்ல, விடு. அந்த அழுக்குச் சேலையெல்லாம் வர்ற மிஸ் கண்ணுல பட வேணாம்" என்றாள் அகஸ்டினா. வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். பூசைக்குக் கட்டுகிற சேலைகள், மகள் கொழும்பிலிருந்து அனுப்பியவை, இன்னும் மடிப்புக் கலையாதவை என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை. உத்தரம் முழுக்கத் தொட்டில் தொங்கியது. கல்யாண வீடு தோற்றுப்போகும்.

"அத்தை, இது யாரு?" ஜெசீகா ஒரு தொட்டிலைக் காட்டினாள். இரண்டு கால்கள் வெளியே தொங்கின.

"அது ராணி மக. ஒரு எடம் காலியா இருந்துச்சு."

"அது முன்பள்ளிக்குப் போற புள்ள அத்தை!"

"பாப்பா, காலை உள்ள இழுத்துக்க. கண்ண மூடிக்க. மிஸ் போனதும் டொபி தர்றேன்."

"இப்பவே தாங்க" என்றது தொட்டில்.

போன் பண்ணிய அந்த மிஸ், துவாரகா, பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து நமுனுகுலயில் இறங்கினாள். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தார். தகப்பன் பதுளையில் உத்தியோகம் பார்த்ததால் அவள் அங்கேயே பிறந்து படித்தவள், ஆனாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. உலகத்தில் நடக்கிற பெரிய காரியங்களை எண்ணிக்கையாக எடுத்து, அதைப் படமாக்கி, தமிழில் விளங்கப்படுத்தி, போனில் எல்லாரும் பார்க்கும்படி போடுவது அவள் வேலை. பிலிப்புவுக்கு அது அவள் த்ரீவீலரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

"அந்தக் கரட்டு வீடியோ போட்டது நீங்களா மிஸ்? பூமி சூடாகுதுன்னு காட்ட, சின்னக் கரட்டுல இருந்து பெரிய கரட்டு வரைக்கும் வரிசையா அடுக்கினீங்களே?"

"ஓம், நான்தான்."

"நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுல, கரட்டு வெல ஏறுதுன்னு காட்டுறாங்கன்னு நெனச்சாங்க."

துவாரகா சிரித்துவிட்டாள். "அதுவும் பிழையில்லை. சரி அண்ணா, உங்கட பிள்ளைக்காம்பராவில இப்ப பிள்ளைகள் குறைவுதானே?"

"குறைவா? யாரு சொன்னா? கால் வைக்க எடமில்ல மிஸ்!"

அவள் முகம் வாடியதைக் கண்ணாடியில் பார்த்த பிலிப்பு, ஆள் மிரண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னான்.

அறைக்கு வெளியே நிற்கும்போதே சத்தம் கேட்டது. உள்ளே போனால் காது அடைத்தது. ஊதாச் சேலை கத்தியது, மஞ்சள் சேலை கத்தியது, கிளிப்பச்சை மூச்சை அடக்கி அடக்கிக் கத்தியது. அகஸ்டினா ஒரு கையால் ஒரு தொட்டிலையும் காலால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டே வரவேற்றாள்.

"வாங்க மிஸ், வாங்க! எல்லாம் நம்ம புள்ளைங்கதான்! எப்பவும் இப்பிடித்தான்!"

"எப்பவுமா?" துவாரகா கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எப்பவும்!"

ஜெசீகா பால் போத்தலோடு ஓடினாள். ராணியின் மகள் எழுந்து உட்கார்ந்து, "ஆயம்மா, இந்தத் தம்பி என்னைய மாதிரி நடிக்கல, நெசமாவே அழுறான்" என்றாள். அகஸ்டினா அவள் தலையை மெல்ல உள்ளே அமுக்கினாள்.

துவாரகா கமெராவை வெளியே எடுக்கவில்லை. உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம்தான் பால் கொடுக்கிற தாய்மாருக்கு மலையிலிருந்து இறங்கி வர விடுகிற நேரம். ஜெசிந்தினி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே கடைசித் தொட்டிலுக்குப் போனாள். அவள் பிள்ளை, அத்தனை கூச்சலுக்கும் நடுவில், வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

"இவ்வளவு சத்தத்துக்குள்ள இந்தப் பிள்ளை எப்பிடி நித்திரை கொள்ளுது?" துவாரகா கேட்டாள்.

"அது எஞ்சேலைங்க மிஸ்" என்றாள் ஜெசிந்தினி, பிள்ளையை எடுத்துக்கொண்டே. "நேத்து மலையில கட்டுனது. தோய்க்காம கட்டுவோம். அம்மா வாடை இருந்தாத்தான் தூங்கும். தோச்ச சேலையில போட்டா இப்பிடித்தான் கத்தும்."

"அப்ப இந்தக் கத்துற பிள்ளைகளின்ர சேலை?"

ஜெசிந்தினி அப்போதுதான் மேலே பார்த்தாள். மடிப்புக் கலையாத மஞ்சள், ஊதா. "அது ஆயம்மா பூசைக்குக் கட்டுற..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

துவாரகா தொட்டில் தொட்டிலாக நடந்தாள். நிறம் மங்கிய, தேயிலைக் கறை ஏறிய பழஞ்சேலைகள் ஐந்து. ஒன்றிலும் அழுகை இல்லை. பளபளக்கிற சேலைகள் எல்லாவற்றிலும் அழுகை.

"அம்மா" என்றாள் மெதுவாக. "அழாத தொட்டில்தானே உங்கட கணக்கு?"

முப்பது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறவள் அகஸ்டினா. எந்தச் சேலையில் பிள்ளை தூங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வருகிற மிஸ்ஸுக்கு அழகாக இருக்க வேண்டும் என்ற ஒரு நினைப்பில் அது மறந்துபோயிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஆமா. அஞ்சு. எழுதிக்கங்க. போயி ஆபீஸ்ல குடுங்க, மூடச் சொல்லுங்க."

"எந்த ஆபீஸ்? நான் மூடுற ஆள் இல்லை அம்மா!"

"அப்ப எதுக்கு எண்ண வந்தீங்க?"

துவாரகா ஒரு பாயில் உட்கார்ந்துவிட்டாள். தான் செய்கிற வேலையைச் சொன்னாள். உலகம் முழுக்கப் பிள்ளை பிறப்பது குறைந்துகொண்டு போகிறது, அதைச் சனங்களுக்கு விளங்கும் ஒரு படமாகக் காட்ட வேண்டும், நிறைய இடமும் கொஞ்சப் பிள்ளைகளும் உள்ள ஓர் அறையைத் தேடித்தான் வந்தேன் என்றாள்.

"அப்ப கொறஞ்ச காம்பராதான் ஒங்களுக்கு வேணுமா?" ஜெசீகா போத்தலோடு நின்றுவிட்டாள். "நாங்க காலங்காத்தால இடுப்பொடிய மேட்டுல தூக்கிட்டு வந்தது?"

"அதுக்குத்தான் எனக்கு அழுகை வரப் பார்த்தது."

பிலிப்பு வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அகஸ்டினா அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒலகம் பூராவுமா கொறயுது?" ஜெசிந்தினி கேட்டாள். "நம்ம தோட்டத்துல மட்டும்னுல்ல தொரை சொன்னாரு?"

"உலகம் முழுக்க. அறுபதுகளில உலகத்தில சராசரியா ஒரு பெம்பிளைக்கு அஞ்சு பிள்ளை. இப்ப ரெண்டுக்குக் கொஞ்சம் மேல."

"மிஸ்ஸுக்கு எத்தன?"

"எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்ல."

"பாத்தீங்களா! ஒங்களாலதான் கொறயுது. எங்க காம்பராவுல வந்து தேடுறாங்க!"

அறையே சிரித்தது. அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளைகூட என்னவோ என்று நிறுத்திப் பார்த்தது. அகஸ்டினா மட்டும் சிரிக்கவில்லை.

"மிஸ், ஒண்ணு கேட்டுக்கிறேன். நீங்க படம் எடுங்க, வேணாங்கல. இந்தப் புள்ளைங்களோட எடுங்க. காலியா காட்டாதீங்க. நாலு பேரு போன்ல பாப்பாங்க. அது சுத்தித் தொரை கைக்குப் போகும். காலியாத்தானே கெடக்குன்னு அன்னைக்கே பூட்டிருவாரு."

"நிறைய இருக்கெண்டு காட்டினால் அது பொய்யாப் போயிடும் அம்மா."

"ஒரு பொய்தானே? மாதா மன்னிப்பாங்க."

"சனம் மன்னிக்காது. ஒருக்காப் பொய் சொன்னால் அடுத்த படத்தையும் நம்ப மாட்டினம்."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பிள்ளையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்கள். துவாரகா மடிக்கணினியைத் திறந்து அகஸ்டினாவின் பக்கம் திருப்பினாள். இடது பக்கம் உயரத்தில் தொடங்கி, வலது பக்கம் இறங்கிக்கொண்டே போகிற ஒரு நீலக் கோடு.

"இதுதான் பிறக்கிற பிள்ளைகளின்ர கோடு."

"பசறைக்கு எறங்குற ரோட்டு மாதிரி இருக்கு" என்றாள் அகஸ்டினா. "இதப் பாத்தா யாருக்கும் மனசு விட்டுப் போகும்."

"இதோட இன்னொரு கோடும் இருக்கு. பாருங்கோ." ஒரு சிவப்புக் கோடு வந்தது. அதுவும் இறங்கியது.

"இது என்னா?"

"அஞ்சு வயசு ஆக முதல் செத்துப்போற பிள்ளைகள். அந்தக் காலத்தில உலகத்தில அஞ்சு பிள்ளையில ஒண்டு. இப்ப இருபத்தஞ்சுக்கு ஒண்டுகூட இல்லை."

அகஸ்டினா அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். மேலிருந்து கீழே, கடைசி வரைக்கும் தடவிக்கொண்டு போனாள்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப" என்றாள், "இந்த உத்தரத்துல எடமே இருக்காது. ஒரு கயித்துல ரெண்டு சேலை கட்டியிருக்கேன். ஆனா சில நாள் காலையில ஒரு அம்மா வருவா. கையில புள்ள இருக்காது. ஒண்ணும் பேச மாட்டா. தொட்டில் சேலைய அவுத்துக்கிட்டுப் போயிருவா. நானும் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஜெசிந்தினி பால் குடிக்கிற பிள்ளையை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடிச் சேலை அவுத்துக் குடுத்து எத்தன வருஷம் ஆச்சு, ஆயம்மா?" என்று கேட்டாள்.

"நீ பொறந்ததுக்கு அப்புறம் இல்ல" என்றாள் அகஸ்டினா. பிறகு துவாரகாவைப் பார்த்து, "மிஸ், இந்த ரெண்டு கோட்டையும் சேத்துக் காட்டுவீங்களா?"

"சேர்த்துத்தான் காட்டுவன்."

"அப்ப எடுங்க. காலியாவே எடுங்க."

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"போச்சு" என்றான் பிலிப்பு. "சின்னத் தொரை."

அவர் உள்ளே வரும்போதே முகம் வியர்த்திருந்தது. "கீழ் காம்பரா பூட்டியிருக்கு! ஒரு பிள்ளையும் இல்ல! ஆயாவையும் காணல! என்ன நடந்திருக்கோன்னு நான் பயந்து..." என்று தொடங்கியவர், உத்தரத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஊதா, மஞ்சள், கிளிப்பச்சை. ஒரு தொட்டிலிலிருந்து ராணியின் மகள் கையை நீட்டி, "குட்மோனிங் சேர்" என்றாள்.

ஜெசீகா பால் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதனால் என்ன பிரயோசனம்?

"இதெல்லாம் என்ன ஆயம்மா?"

அகஸ்டினா பொய் சொல்லவில்லை. அன்றைக்குப் போதுமான அளவு சொல்லியாகிவிட்டது. "எரவல் புள்ளைங்க சார். நீங்க மூடப் போறீங்கன்னு பயந்து நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். ஜெசீகா மேல தப்பில்ல. ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க."

சின்னத் தொரை துவாரகாவைப் பார்த்தார், மடிக்கணினியைப் பார்த்தார். ஏச வாய் வரவில்லை. "எப்பிடி இருந்தாலும் பிள்ளை குறைவுதானே? ரெண்டு காம்பரா எதுக்கு?" என்றார் கொஞ்சம் தணிந்து.

"ரெண்டு வேணாம் சார்" என்றாள் ஜெசிந்தினி. மலையில் கங்காணிக்கே பதில் சொல்லிப் பழகியவள். "ஒண்ணு போதும். ஆனா அது கீழ வேணாம், இங்க இருக்கட்டும். கீழ் டிவிசன் ஆளுங்களுக்கும் இப்ப மேல் மலையிலதானே வேலை? இங்கேர்ந்து கீழ எறங்கிப் பால் குடுத்துட்டு, திரும்ப மேட்டுல ஏறி வர்றதுக்குள்ள கொழுந்து நிறுக்க வந்துருவாங்க. கிலோ கொறஞ்சா எங்களுக்கும் நட்டம், ஒங்களுக்கும் நட்டம்."

சின்னத் தொரை கிலோ என்ற சொல்லுக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் இங்க இருப்பாங்களா?" என்று அகஸ்டினாவையும் ஜெசீகாவையும் காட்டிக் கேட்டார்.

"இத்தன புள்ளைய ஒரு ஆளு பாக்க முடியுமா சார்?" என்றாள் ஜெசிந்தினி. "காதால கேட்டீங்கதானே?"

அதற்கேற்றாற்போல் கிளிப்பச்சை மறுபடியும் தொடங்கியது. சின்னத் தொரை காதைப் பொத்திக்கொண்டு, பெரிய தொரையிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போனதும் ஜெசிந்தினி, பால் குடித்துத் தூங்கிவிட்ட தன் பிள்ளையைத் திரும்பத் தொட்டிலில் போட்டாள். இரவல் பிள்ளைகளைத் தாய்மாரும் ஜெசீகாவும் வெளியே வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். துவாரகா படம் எடுத்தாள். தூங்குகிற ஐந்து பழஞ்சேலைத் தொட்டில்கள், அதற்கப்புறம் ஆளில்லாமல் தொங்குகிற புதுச் சேலைகள். ஜன்னலால் வந்த காற்றில் அவை லேசாக ஆடின.

அந்த மாதக் கடைசியில் வீடியோ வந்தது. பிலிப்புவின் போனைச் சுற்றித் தலைகள் இடித்துக்கொண்டன. நீலக் கோடு இறங்கும்போது சேலைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. சிவப்புக் கோடு இறங்கும்போது, தூங்குகிற ஐந்து முகங்களும் ஒவ்வொன்றாக வந்தன.

"பாருங்க, அந்த மஞ்சச் சேல என்னுது" என்றாள் அகஸ்டினா. "ஒலகம் பூரா பாக்குது."

"உள்ள ஒண்ணும் இல்லாமத்தானே பாக்குது?" என்றான் பிலிப்பு.

"சேலைய மட்டும் பாத்தா போதும்."

பெரிய தொரை சம்மதித்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை காலையில் கீழ் டிவிசன் தாய்மார் மேட்டில் ஏறி வந்தார்கள். ஒரு தோளில் பிள்ளை, மறுகையில் சேலை. ஜெசீகா முன்னால் ஓடி வந்தாள்.

"அத்தை, இந்தத் தடவ மறக்கல. எல்லாரும் சேலை கொண்டாந்திருக்காங்க. மொத நாளுன்னு நல்லாத் தோச்சு, காயப்போட்டு, மடிச்சு..."

"தோச்சா?" அகஸ்டினா வாசலுக்கே வந்துவிட்டாள். "அடியே! அத்தனையும் திருப்பி எடுத்துட்டுப் போங்க! போயி அழுக்குச் சேலை கொண்டாங்க!"

தாய்மார் சிரித்துக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கி ஓடினார்கள். அன்றைக்குப் பெரட்டுக்கு எல்லாருமே பிந்தித்தான் போனார்கள்.

வெயில் ஏறியபோது பிலிப்பு வந்து எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மங்கிய சேலைகளுக்கு நடுவே அத்தையும் மருமகளும் சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன தொட்டில் ஆடுது?" என்று கேட்டு, விரலை நீட்டித் தொடங்கினான். "ஒண்ணு, ரெண்டு..."

அகஸ்டினா உதட்டில் விரலை வைத்தாள்.

"எண்ணாதீங்க. முழிச்சிரும்."